கிராணியாரின் இலவச மேசை

கிராணி சதாசிவம் அவர்கள் காலமான செய்தி வந்தபோது நான் ஒரு நிலத்தகராறு மனுவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். காப்பிக்கடைக்காரர் வந்து, "கிராணி காலையில போய்ட்டாருலா," என்றார். மனுவை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். முடிக்காவிட்டால் கூலி கிடையாது. மனு எழுதும் என் பிழைப்பு அப்படி.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரப்பர் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் காஜா பெராங்கில் ஒரு கடையின் ஐந்தடி நடைபாதையில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் வருமான வரிப் படிவத்தை இலவசமாக நிரப்பிக் கொடுத்தார். படிவமோ ஆங்கிலத்தில். நம் கடைக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தலையும் புரியாது, வாலும் புரியாது. தமிழருக்குத் தமிழிலும், தமிழ் மறந்துபோன கம்போங் செட்டிக்காரர்களுக்கு மலாயிலும் ஒவ்வொரு கேள்வியாக விளக்குவார். பென்சிலால் எழுதித் தருவார். அதன்மேல் மை போடுவது அவரவர் வேலை. "உங்க தாளு, உங்க கைதான் எழுதணும்," என்பார்.

அதற்கு முன் அந்தப் படிவங்களை நான்தான் எழுதினேன், ஒன்றுக்கு இரண்டு வெள்ளிக் காசு கூலி. அவர் மேசை போட்ட முதல் வருடமே சண்டைக்குப் போனேன்.

"ஐயா, நீங்க புண்ணியம் தேடுறீங்க. நான் சோறு தேடுறேன்."

"பசியாறியாச்சா?" என்று கேட்டு, பக்கத்தில் உட்கார வைத்தார். "மனு எழுதுங்க, பத்திரம் எழுதுங்க, நானே ஆள் அனுப்புறேன். அரசாங்கத்துக்கு வரி கட்டுறவன், கட்டுறதுக்கு வழி கேக்கவும் காசு குடுக்கணுமா?"

எழுந்து என் மேசைக்கு வந்துவிட்டேன். கோபம் மட்டும் போகவில்லை.

மறுவருடம் உஜோங் பாசிர் மளிகைக் கடை முத்தையா அவரிடம் போனார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதற்கு, "மூணு" என்றார். நானும் நாலு வருடமாக மூன்று என்றே எழுதியிருந்தேன். கிராணியார் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றினார்.

"ராத்திரி சாப்பிட்டதும் வீட்டுல எத்தனை தட்டு கழுவுறாங்க?"

"ஏழு."

"உங்க தட்டும் வீட்டுக்காரம்மா தட்டும் போக?"

முத்தையா தரையைப் பார்த்தாராம். பிள்ளைகளை வாய்விட்டு எண்ணினால் கண்பட்டுவிடும் என்று நம்மவர்கள் ஒன்றிரண்டு குறைத்துத்தான் சொல்வார்கள். பிள்ளைக்கு உண்டான வரிச்சலுகையை அப்படியே கோட்டை விடுவார்கள். கிராணியார் பென்சிலால் ஐந்து என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தார். "தட்டைக் கேளுங்க, பிள்ளையைக் கேக்காதீங்க," என்றார். நாலு வருடம் நான் கூலி வாங்கிக்கொண்டு எழுதிய தவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊரில் யாரிடமும் சொல்லவுமில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மேலும் எரிச்சல் வந்தது. இப்போது வெட்கமாக இருக்கிறது.

எல்லா ஊரிலும் அரசாங்கமே இப்படி ஒரு மேசை போட வேண்டும், படிவம் நம் மொழிகளில் வர வேண்டும் என்பது அவர் ஆசை. வரி இலாகாவின் வெள்ளைக்காரத் துரைக்கு வருடந்தோறும் கடிதம் எழுதினார், பதில் இல்லை. வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா வந்ததும் கோட்டுப் போட்டுக்கொண்டு புது அதிகாரியைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நல்லாப் பேசுனாரு. தேத்தண்ணி குடுத்தாரு. பாக்கலாம்னாரு."

கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவு களைத்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகும் இரண்டு கடிதம் போட்டார். போன மாதம் மூச்சு வாங்கியபோது, "மேசையை மட்டும் எடுத்துறாதீங்க," என்று என்னிடம் சொன்னார். பார்க்கலாம் என்றேன். அந்த அதிகாரி சொன்ன அதே வார்த்தை. அது என்னை இன்னும் குத்துகிறது.

கருமாதி முடிந்த மறுநாள் அவர் துணைவியார் அமிர்தம் அம்மாள் என்னிடம் வந்தார்கள். கையில் கிராணியாரின் பெயருக்கு வந்த வெற்றுப் படிவம், கைக்குட்டை முடிச்சில் இரண்டு வெள்ளி. ஆள் போனாலும் கணக்குக் கேட்பார்கள்.

"ஊருக்கெல்லாம் எழுதுனாரு தம்பி. அவரோடத எழுத ஆளில்ல."

முடிச்சை அவிழ்க்கவே விடவில்லை. பென்சிலை எடுத்தேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது எனக்குத் தெரியும். பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது.

"வீட்டுல எத்தனை தட்டும்மா?"

"இன்னும் ரெண்டுதான் எடுக்கறேன். ஒண்ணத் திருப்பி வச்சிடறேன்."

படிவம் போன வருடத்துக் கணக்கு, அதில் அவர் உயிரோடுதான் இருந்தார். மனைவி உண்டு என்று எழுதினேன். அம்மாள் அதன்மேல் மை போட்டார்கள்.

கிராணியாரே, மேசையை எடுக்கவில்லை, இப்போது அதில் நான்தான் காசு வாங்காமல் எழுதுகிறேன். அரசாங்கம் போடும் வரை அது அங்கேயே கிடக்கும். எனக்கு முதுகு வலிக்கிறது, புண்ணியத்தில் பெரிய நம்பிக்கையுமில்லை. நாளைக் காலை முத்தையா வருகிறார், வீட்டில் இன்னொன்று பிறந்திருக்கிறதாம். தட்டு இன்னும் ஏழுதான் என்பார். தொட்டிலையும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்.