ஏற்றாத கற்பூரம்

எங்கள் மருந்தியல் துறையில் ஆயுத பூஜையை விட்டுக்கொடுக்க மாட்டோம். கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளில் லேத்துக்கு என்ன மரியாதையோ, இங்கே ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜுக்கும் அதே மரியாதை. எலிகளின் மூளை அலையைப் பதிவு செய்யும் கருவிக்குக்கூட நெற்றி மாதிரி ஓர் இடம் பார்த்துப் பொட்டு வைத்துவிடுவார்கள். நான் மேடை கிடைத்தால் பகுத்தறிவு பேசுகிறவன். பூஜை முடிந்ததும் பொரியில் கடலை பொறுக்குவதில் எனக்குத்தான் முதல் இடம்.

மறுநாள் விஜயதசமி. வேப்பம்பட்டு வீட்டில் முந்தின நாள் செய்தித்தாளோடு சாய்ந்திருந்தபோது ஆய்வு மாணவி போன் செய்தாள்.

"சார், மருந்து போட்ட எலிக்கும் இழுக்குது."

செய்தித்தாளை மடித்தேன். மூளையில் 'எழு' என்று சொல்லும் வேதிப்பொருள் ஒன்று, 'அடங்கு' என்று சொல்வது இன்னொன்று. வலிப்பு நோயில் இரண்டாவதன் பேச்சு எடுபடுவதில்லை. (எங்கள் வீட்டில் நான் அந்த இரண்டாவது.) அதன் குரலை உயர்த்தத்தான் புது மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தோம். வலிப்பு வரும்படி பழக்கிய எலிகளில் பாதிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். மருந்து பெற்றவை வாரக்கணக்கில் அமைதியாக இருந்தன. இதுதான் கடைசி எலிக் கூட்டம். இனி ஒரு எலிகூடக் கிடையாது என்று விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு சொல்லிவிட்டது. இவையும் தோற்றால் அவளுடைய இத்தனை வருட உழைப்பு 'பயனில்லை' என்ற ஒற்றை வார்த்தையில் முடியும். காட்டுப்பள்ளிக்கு அப்பால் மீனவக் குப்பத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறவள். எலியோடு எப்போது குடித்தனம் முடியும் என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தேன். மருந்து பெற்ற எலி ஒன்று பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால்களால் காற்றை அடித்து, பக்கவாட்டில் விழுந்தது. அடுத்த கூண்டில் இன்னொன்று. என் அனுபவத்தை அவிழ்த்துவிட்டேன். மருந்தின் அளவு? பார்த்துவிட்டாள். ஏசி? பார்த்துவிட்டாள். மருந்தும் உப்புநீரும் மாறியிருக்குமோ? அதையும் பார்த்துவிட்டாள். இருபது வருட அனுபவம் அங்கேயே தீர்ந்துவிட்டது.

"இன்னா சார் பண்றது இப்ப?" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால்தான் ஊர்ப் பேச்சு வரும்.

நான் மூச்சை ஆழமாக இழுத்தேன். யோசிக்கிற பாவனைதான். அப்போதுதான் உறைத்தது. நேற்றிலிருந்து கட்டிடமே கோயில் மாதிரி மணத்ததால் மூக்கு புகார் செய்வதை நிறுத்தியிருந்தது. ஆனால் எலி அறையில் எலி வாசனைதானே வர வேண்டும்?

அலமாரி மேல், ஏசிக் காற்றுக்கு நேர் எதிரே, எவர்சில்வர் தட்டு. விலங்கறையில் தீ கூடாது என்பது விதி. எங்கள் துறைத்தலைவர் விதியை மீறாதவர், சாமியையும் விடாதவர். முழுப் பாக்கெட் கற்பூரத்தை ஏற்றாமலே வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது தட்டில் குங்குமமும் ஓரம் கரைந்த சில துண்டுகளும் மட்டும். ஏற்றியிருந்தால் கொஞ்ச நேரத்தில் எரிந்து முடிந்திருக்கும். ஏற்றாததால் ராத்திரி முழுக்க ஆவியாகி எலிகளின் மூச்சில் ஏறியிருந்தது. கற்பூரம் உடம்பில் சேர்ந்தால் வலிப்பைக் கிளப்பும் என்பது துறைத்தலைவர் ஒவ்வொரு வருடமும் நடத்துகிற பாடம்.

அவள் தட்டை வெளியே கொண்டுபோனாள். கதவைத் திறந்து மின்விசிறியைப் போட்டோம். ஆனால் இது வெறும் ஊகம். தட்டு நிரபராதியாக, மருந்தே குற்றவாளியாக இருக்கலாம். துறைத்தலைவரிடம் பக்குவமாக நான் சொல்கிறேன் என்றேன். என் பக்குவம் ஓய்வு பெறும்வரை இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளே போன் செய்தாள்.

கோயிலிலிருந்து வேட்டியோடு நேராக வந்தார். அவள் தட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். நான் கூரையில் பல்லி தேடினேன்.

தட்டைக் கையில் வாங்கியவர், "இதை நான் கிளாஸ்ல சொல்றதில்லையாம்மா?" என்றார்.

"சொன்னீங்க சார். நான் முதல் பெஞ்ச்."

"தீசிஸ்ல எழுதணுமா?"

"எழுதலன்னா மருந்து தோத்துச்சுன்னு ஆயிடும் சார்."

"யார் வச்சதுன்னு..."

"துறை வச்சதுன்னு எழுதறேன்."

அவர் தலையாட்டிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூவரும் கூண்டுகளைப் பார்த்தோம். மதியத்துக்குள் இழுப்பு குறைந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. மருந்து எலிகளும் உப்புநீர் எலிகளும் தூங்கின. அதுவும் போதாது. எல்லாமே சும்மா இருந்தால் அடக்கியது மருந்தா, அயர்ச்சியா என்று யார் சொல்வது? உப்புநீர் எலிக்கு வழக்கமான வலிப்பு வர வேண்டும். மருந்து எலிக்கு வரக் கூடாது.

சாயங்காலம், உப்புநீர் எலி ஒன்று எழுந்தது. மீசை துடித்தது, தலை ஆடியது, விழுந்து இழுத்தது. பக்கத்துக் கூண்டில் மருந்து எலி அதைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தீனியைக் கொறிக்கத் தொடங்கியது.

துறைத்தலைவர் கையைக் கூப்பினார், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை. நானும் காலையிலிருந்து அடக்கிவைத்த மூச்சை விட்டேன். ஒரு பிராணி துடிப்பதைப் பார்த்து நிம்மதிப்படுகிற தொழில்.

அவள் மட்டும் கூண்டருகே குனிந்து, அது துடித்து முடித்து எழுந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.