கூட்டத்துக்கு எதிரே நின்ற ரெங்கராஜ்

போன செவ்வாய்க்கிழமை காலை, கே.கே. நகரில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது ரெங்கராஜின் மகள் கீதா போனில் கூப்பிட்டாள். “மாமா” என்றாள். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

“எப்பம்மா?” என்றேன்.

“இப்பத்தான். காபி கேட்டாரு. போட்டு எடுத்துட்டு வரதுக்குள்ள...”

நான் ஏற வேண்டிய பஸ் வந்து நின்று போனது. அடுத்ததில் ஏறி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உச்சந்தலையில் இருந்த பழைய தழும்பு தெரியாதபடி யாரோ முடியைப் படியச் சீவியிருந்தார்கள். இடது கண் இருந்த இடத்தின் மேல் ஒரு துணியைப் போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவர் இரண்டையும் மறைத்தவரில்லை.

பூக்கடை ரெங்கராஜ் என்று ஊருக்குத் தெரியும். ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் அவருக்குக் கடை. அதைவிட அதிகமாக, நடிகர் உதயதீபன் ரசிகர் மன்றத்தின் மாவட்டத் தலைவர் என்று தெரியும். நான் அவருக்கு நேர் எதிரியான வெற்றிராஜன் மன்றத்தில் இருந்தவன். அந்த இரண்டு மன்றங்களிலும் இருந்துவிட்டு இன்று பேரன் பேத்திகளோடு இருக்கும் நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்த இரண்டு நடிகர்களின் பெயரையும் இன்று வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால், “யாரு அது?” என்கிறார்கள். அன்று அந்தப் பெயர்களுக்காக நாம் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்தோம்.

எங்கள் முதல் சந்திப்பே அப்படித்தான். ஒரு தீபாவளிக்கு இருவர் படமும் ஒரே சாலையில் உள்ள இரண்டு தியேட்டர்களில் வந்தன. எங்கள் கட்அவுட்டைவிட அவர்கள் கட்அவுட் ஐந்து அடி கூடுதல் உயரம். அதைப் பொறுக்க முடியாமல் விடிந்தும் விடியாமலும் பத்துப் பேர் அரிவாளோடு போனோம். கட்அவுட்டின் கழுத்தை வெட்டிக் கொண்டுவருவதாகப் பேச்சு. சாரத்தின் உச்சியில் ரெங்கராஜ் தனியாக உட்கார்ந்து ஆள் உயர மாலையைக் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சாரத்தைப் பிடித்து ஆட்டினோம். விழுந்திருந்தால் செத்திருப்பார். அன்று சிரித்துக்கொண்டே ஆட்டினோம். அவர் கயிற்றைப் பிடித்துச் சறுக்கி இறங்கி, சாரத்திலிருந்து ஒரு சவுக்குக் கம்பை உருவி, முதலில் கைக்கு எட்டிய என்னை அடித்தார். என் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. எங்கள் ஆள் ஒருவன் பின்னாலிருந்து சோடா பாட்டிலை அவர் தலையில் இறக்கினான்.

பெரியாஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எனக்கு மாவுக்கட்டு, அவருக்குப் பதினெட்டுத் தையல். மத்தியானம் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

“உங்காளு படம் ஹவுஸ்ஃபுல்லா?”

“ஆமாம்.”

“எங்களதும்தான்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. பிறகு பத்துப் பதினைந்து வருடங்கள் எதிரெதிரே பார்த்தால் முறைத்துக்கொண்டு போனோம்.

அந்த வருடங்களில் உதயதீபன் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டார். அவர் சட்டை, அவர் தலைசீவல், அவர் பேசும் விதம் எல்லாம் தெருவுக்குத் தெரு திரிந்தன. மலைக்கோட்டைப் பக்கத்துத் துணிக்கடைகளில் அவர் பெயரிலேயே ஒரு சட்டைத்துணி விற்றது. எங்கள் நடிகர் அதற்கு முன்பே மங்கிவிட்டார். நான் மன்றத்தைவிட்டு விலகி, ஒரு கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். பிறகு உதயதீபனுக்கும் இறக்கம் வந்தது. வரிசையாக மூன்று படங்கள் ஓடவில்லை. கசப்போ என்னவோ, ஒரு டிவி பேட்டியில் வாயை விட்டார்: “போஸ்டர் ஒட்டறவனும் பால் ஊத்தறவனும் வேலைவெட்டி இல்லாதவங்க. எனக்காக அடிச்சுக்கச் சொல்லி நான் யாரையும் கூப்பிடல.”

அடுத்த வாரமே அவர் ஒரு கடைத் திறப்புக்காக மலைக்கோட்டைப் பக்கம் வந்தார். தெரு கொள்ளாத கூட்டம். மாலையோடு வந்தவர்கள் இல்லை. அவருக்காகத் தலை உடைபட்டவர்களே அவர் படத்தில் செருப்பை மாட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். காரின் முன்கண்ணாடி முதலில் போனது. டிரைவரை வெளியே இழுத்து மூக்கில் குத்தினார்கள். அவர் ரத்தத்தோடு மறுபடி உள்ளே ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். பின்சீட்டில் உதயதீபன் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். அப்போது ரெங்கராஜ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் காருக்கு முன்னால் நின்றார். கையில் கம்பு இல்லை. “போதும்டா, போதும்டா” என்று கத்தியது மட்டும் கேட்டது. கற்கள் பறந்தன. ஒன்று அவருடைய இடது கண்ணில் விழுந்தது. முகத்தைப் பொத்திய விரல்களின் இடுக்கில் ரத்தம் வழிய வழிய, விழாமல் நின்றார். கார் பின்னால் நகர்ந்து சந்துக்குள் திரும்பிப் போய்விட்டது. கண்ணாடி இறங்கவே இல்லை. பிறகும் அந்த நடிகரிடமிருந்து ஒரு ஆள், ஒரு போன் வந்ததில்லை.

இதையெல்லாம் நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்பீர்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆபீஸ் முடிந்து பழைய பகையின் ருசியில் வேடிக்கை பார்க்கப் போனவன், நானும் ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். இதை ரெங்கராஜைத் தவிர இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவரிடம் சொல்வதற்கே எனக்கு இரண்டு வருடமாயிற்று. மாதா கோயில் திருவிழாவுக்கு மாலை வாங்கும் சாக்கில் பூ மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு கண்ணோடு சம்பங்கியைக் கோத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. “தோள்பட்டை சேந்துடுச்சா?” என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் நாரை இழுத்து முடிச்சுப் போட்டார்.

“எந்தக் கல்லுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உக்காருங்க” என்றார்.

“அந்தாளு உங்களை வேலையில்லாதவன்னு சொன்னாரே. அவருக்காகவா போய் நின்னீங்க?”

“அவரு சொன்னதுல என்ன பொய்யி? நமக்கு என்ன வேலை இருந்துச்சு?” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அவருக்காக இல்லைங்க ஆரோக்கியம். எத்தனையோ பேர சேந்து அடிச்சிருக்கோம். அடிபடறவன் மூஞ்சிய நின்னு பாத்ததில்ல. அன்னிக்குக் காருக்குள்ள பாத்துட்டேன்.”

அன்று தொடங்கியதுதான் எங்கள் நட்பு. வாரம் ஒருமுறையாவது போவேன். அவரும் பூக்கூடையோடு டவுன் பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவார். புதிதாக யாராவது ஒரு நடிகர் உச்சத்துக்குப் போனால், பேப்பரை என்னிடம் நீட்டி, “பாவம், இவரையும் தோள்ல தூக்கிட்டாங்க. எங்க போய்ப் போடப் போறாங்களோ” என்பார். மாலை போடும் கையும் கல்லெறியும் கையும் ஒன்றே என்பதை அவர் தன் கண்ணைக் கொடுத்துத் தெரிந்துகொண்டவர்.

சென்ற வருடம் உதயதீபனின் பழைய வெற்றிப்படம் ஒன்றை மறுபடி வெளியிட்டார்கள். அந்தப் படத்தின் வசனங்களை இளைஞர்கள் போனில் கிண்டலாகப் போட்டுப் பரப்பியதில், மறந்துபோன மனிதருக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. “வாங்க, ஒரு தடவ பாத்துட்டு வருவோம்” என்று ரெங்கராஜ் கூப்பிட்டார். காலைக் காட்சிக்குப் போனோம். நாங்கள் அழுத காட்சிகளுக்கெல்லாம் தியேட்டர் சிரித்தது. ரெங்கராஜ் கோபப்படவில்லை. “சிரிக்கட்டும். நாம அழுதது மட்டும் என்ன நியாயம்?” என்று காதில் சொன்னார்.

இடைவேளையில் சண்டை வந்தது. உதயதீபனுக்காக இல்லை. இன்றைய நடிகர் ஒருவரின் பெயரை ஒரு கும்பல் கத்த, இன்னொரு நடிகரின் ஆட்கள் பதிலுக்குக் கத்தினார்கள். சீட்டின் கைப்பிடிகளைப் பிடுங்கினார்கள். டியூப்லைட் ஒன்று என் தலைக்கு மேல் பறந்து சுவரில் வெடித்தது. இருபத்தைந்து வயதிருக்கும் ஒருவன் நடைபாதையில் விழுந்துவிட்டான். ஐந்தாறு பேர் சுற்றி நின்று மிதித்தார்கள். அவன் வாயிலிருந்து பல்லோடு ரத்தம் வந்தது. அப்போதும் விடவில்லை. நான் சீட்டோடு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்தேன். அறுபதைத் தாண்டிய ரெங்கராஜ் எழுந்து போனார். யாரையும் தடுக்கவில்லை. கீழே கிடந்தவன்மேல் அப்படியே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அவனுக்கு விழ வேண்டிய மிதி எல்லாம் அவர் முதுகில் விழுந்தது. ஊழியர்கள் ஓடிவரும்வரை எழுந்திருக்கவில்லை.

அடியில் கிடந்தவன் கேட்டான்: “தாத்தா, நீங்க யாரு ரசிகரு?”

“யாருக்கும் இல்லப்பா” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. மூன்று விலா எலும்புகள் உடைந்திருந்தன.

யாரோ அதைப் போனில் எடுத்திருந்தார்கள். மறுநாள் காலை ரெங்கராஜ் நாடறிந்த மனிதராகிவிட்டார். கட்டுப்போட்ட மார்போடு கடையில் உட்கார்ந்திருந்தவரைச் சுற்றி மைக்கோடு ஆட்கள். கூடப் படம் எடுத்துக்கொள்ள வரிசை. பொன்னாடை போர்த்தினார்கள். மூன்று நாள் இப்படிப் போயிற்று. நான்காம் நாள், அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருந்தார்: ‘இந்தத் தாத்தாவை எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். இவருடைய நடிகரைக் குறை சொன்னதற்காக எங்கப்பா காலில் கொதிக்கும் எண்ணெயைக் கொட்டினவர்.’

அன்று மத்தியானம் ஒரு யூடியூப் சேனல் பெண் வந்தாள். நல்ல பெண், அவருக்கு உதவத்தான் நினைத்தாள். “ஐயா, உங்களைப் பத்தித் தப்பா ஒண்ணு ஓடிட்டிருக்கு. அப்படி எதுவும் நடக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்” என்றாள்.

“நடந்துச்சும்மா” என்றார்.

கீதா பின்னாலிருந்து, “அப்பா, சும்மா இருங்கப்பா” என்றாள்.

“மலைக்கோட்டைக்குக் கீழ ஒரு பஜ்ஜிக்கடை. உங்காளு இனிமே அப்பா வேஷத்துக்குத்தான் லாயக்குன்னு அவரு சொன்னாரு. நான் அடுப்ப எட்டி ஒதைச்சேன். எண்ணெ கொட்டி அவரு ரெண்டு காலும் வெந்துபோச்சு. அவரு கத்துனது எனக்கு இன்னும் கேக்குது. இதையும் சேத்துப் போடுங்க.”

போட்டார்கள். அன்று சாயங்காலமே அவர் ரவுடித் தாத்தா ஆகிவிட்டார். மறுநாள் காலை முன்பின் தெரியாத இரண்டு பேர் பைக்கில் வந்து, பூக்கூடைகளை உதைத்துச் சிதறடித்து, அவர் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போனார்கள். அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் ஊர் வேறு எதையோ பார்க்கப் போய்விட்டது. “நடிகருக்கு இருவது வருஷம் ஆச்சு. எனக்கு நாலே நாள்தான், சுருக்கமா முடிஞ்சிருச்சு” என்று சிரித்தார். சிரித்தால் விலா வலித்தது.

அந்தப் பஜ்ஜிக்கடைக்காரரின் மகள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா நின்றார். கதவைத் திறக்கவில்லை.

“அப்பா போய் ஒம்பது வருஷம் ஆச்சு. கடைசி வரைக்கும் செருப்புப் போட முடியாமதான் நடந்தாரு. அவரு இருந்தப்ப வந்திருக்கணும் நீங்க” என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவருக்குக் கண் போனது, விலா உடைந்தது எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். ரெங்கராஜ் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“ஆமாம்மா. வந்திருக்கணும்” என்றார்.

அந்த அம்மா உள்ளே போய்விட்டார். நாங்கள் திரும்பி வந்தோம். விலா உடைந்தபோது அடிபட்ட நுரையீரல் அதன்பின் தேறவே இல்லை. நாலைந்து மாதம் மூச்சுக்குத் திணறிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கொள்ளிடக் கரையில் எரித்தோம். இரண்டு மன்றத்துப் பழைய ஆட்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம்.

ரெங்கராஜிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கம்பிக் கதவின் முன் அவர் சொன்ன “ஆமாம்மா”தான். அதற்கு முன்னும் பின்னும் அவர் எந்தச் சமாதானமும் சேர்க்கவில்லை. நம் கோஷ்டிச் சண்டைகளில் நான் அடித்தவர்களில் இரண்டு பேரின் வீடு எனக்குத் தெரியும். ஒருவர் உறையூரில் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போகிறேன்.