மூன்று அங்குலம் உயர்த்திய கால்கள்

செய்தி வந்தபோது நான் உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டி ஒன்றின் அடியில் மல்லாந்து படுத்து இரும்பு ஒட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். மனைவி கராஜ் வாசலில் நின்று, "இஞ்சை, வெளியிலை வாங்கோ. குகன் அண்ணை மோசம் போயிட்டாராம்" என்றாள். நான் உடனே வெளியே வரவில்லை. பிடித்த ஒட்டை முடித்துவிட்டுத்தான் வந்தேன். இந்த மனுசனுக்கு நெஞ்சிலை ஈரமில்லை என்று அவள் நினைத்திருப்பாள். எழும்ப உடம்பு வரவில்லை, அவ்வளவுதான். இந்த வருடம் செத்தவீடு செத்தவீடாக ஏறி இறங்கிக் களைத்த உடம்பு. இன்னுமொன்றுக்குச் சேட்டு மாற்ற வேண்டுமே என்று நினைக்கவே அலுப்பாக இருந்தது. அதுவும் குகன் அண்ணையின் செத்தவீட்டுக்கு.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குகதாசன் வடமராட்சிக் கரையில் கடலோடிக் குடும்பமொன்றில் பிறந்தவர். இளம் வயதில் நாட்டை விட்டுப் போய், குளிர்நாட்டுக் காட்டூர்களுக்குச் சாமான் ஏற்றும் சின்ன விமானங்களைத் திருத்தியும் ஓட்டியும் சீவித்தார். ஓய்வு பெற்றதும், கொடிகாமத்தில் தனித்திருந்த தன் அக்கா பவளத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய வேறு சிலரும் அவருமாகச் சேர்ந்து, இரண்டு பேர் இருக்கக்கூடிய பழைய விமானம் ஒன்றை வாங்கினார்கள். ஊருக்கு வெளியே வெட்டவெளியாகக் கிடந்த தரவையில் கிரவல் மண் பரவி ஓர் ஓடுபாதையும் போட்டார்கள். விசரன்கள் என்று ஊர் சொன்னது. நானும்தான் சொன்னேன்.

ஓடுபாதை நீளம் காணாமல் கட்டையாகப் போய்விட்டது. ஒரு பக்கம் உப்புச் சேறு. மறுபக்கம் கோயில் காணியின் பனை வரிசை. பனையில் கை வைக்க முடியாது. கொழும்பிலிருந்து வந்த விமானத் துறை அதிகாரி பார்த்துவிட்டு, பாதையின் நடுவில் வெள்ளை அடித்த பீப்பாய் ஒன்றை வைக்கச் சொன்னார். பீப்பாய்க்கு முன்னம் விமானம் நிலத்தை விட்டு எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி இல்லை. இருந்தபடி அந்த விமானம் பீப்பாயையும் தாண்டித்தான் எழும்பும். அன்று பின்னேரமே குகன் அண்ணை என் கராஜுக்கு வந்தார்.

"இராசன், கால் ரெண்டையும் மூண்டு இஞ்சி உயர்த்தவேணும்."

"ஆரின்ரை காலை அண்ணை?"

"பகிடி விடாதை."

அந்த வகை விமானத்துக்கு முன்னால் இரண்டு கால், ஒவ்வொன்றிலும் உருள ஒரு பெரிய சில்லு, வாலுக்கடியில் ஒரு குட்டிச் சில்லு. நிற்கும்போதே மூக்கு மேல்நோக்கித்தான் இருக்கும். முன்கால்களை நீட்டினால் மூக்கு இன்னும் நிமிரும். ஓடத் தொடங்கியதுமே இறக்கை காற்றைக் கூடுதலாக வாங்கும், குறைந்த வேகத்திலேயே எழும்பிவிடும். இதையெல்லாம் அவர் எனக்கு விளங்கப்படுத்திய விதம் வேறு. "சின்னனிலை பட்டம் ஏத்தினனிதானே? பட்டம் நிலத்தை விட்டுக் கிளம்பாட்டில் என்ன செய்வாய்? முச்சை நூலைத் திருத்திக் கட்டுவாய். இதுவும் அந்த வேலைதான். பட்டத்துக்கு நூல், இதுக்குக் கால்." எனக்கு அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

வேலை என்று இறங்கிய பிறகுதான் மனுசனின் குணம் தெரிந்தது. பெட்டிக்குப் போடும் நல்ல தடித்த குழாய் என்னிடம் இருந்தது. அதைத் தொடவும் விடவில்லை. விமானத்துக்கென்றே செய்யப்படும் மெல்லிய உருக்குக் குழாய் வெளிநாட்டிலிருந்து வரும்வரை காத்திருந்தோம். வந்ததும் வெட்டினோம், ஒட்டினோம், தூக்கிப் பூட்டினோம். ஒரு கால் மற்றதைவிட நகத்தளவு கட்டை. "கழட்டு" என்றார். திரும்ப ஒட்டினோம். சில்லு உள்ளே சரிந்திருக்கிறதாம். "கழட்டு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, நான் மனுசனோ மிசினோ?" என்று கத்திவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றி என் கையில் தந்துவிட்டு, "குடிச்சிட்டுக் கழட்டு" என்றார்.

அவர் அப்படி விரட்டியதற்குக் காரணம் இருந்தது. விமானம் ஓட்டுகிறவருக்கு வருடா வருடம் வைத்தியர் பார்த்து ஒப்பம் வைக்க வேண்டும். அவருடைய இருதயம் ஏற்கெனவே ஒருதரம் மக்கர் பண்ணியிருந்தது. இந்த முறை ஒப்பம் வைத்த வைத்தியர், அடுத்த முறை தன்னிடம் வர வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அந்த ஒப்பம் சோளகக் காற்றுக் காலத்தோடு முடிகிறது. அதற்கு முன் பறந்தால் உண்டு. இல்லாவிட்டால் இந்தப் பிறப்பில் இல்லை. "ஆரின்ரையோ மண்ணிலை எழும்பி, ஆரின்ரையோ மண்ணிலை இறங்கினது காணும் இராசன். ஒருக்கா எங்கடை மண்ணிலை இருந்து எழும்பவேணும்" என்றார். பெரிய கதை கதைக்கிற ஆள் அல்ல அவர். அதனால் அந்த வார்த்தை எனக்குள் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு கழற்றச் சொன்னால் முணுமுணுக்காமல் கழற்றினேன்.

சோதனை நாளன்று தரவையில் திருவிழாக் கூட்டம். கச்சான்கடலை விற்கவும் ஆள் வந்திருந்தது. பவளக்கா தட்டும் தேங்காயும் தேசிக்காயுமாக வந்துவிட்டார். எங்கள் ஊரில் புது மோட்டார் சைக்கிளுக்கே பூசை செய்யாமல் சாவி போடமாட்டார்கள், விமானத்தை விடுவார்களா? சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்தார். மூக்கில் சந்தனமும் குங்குமமும். கதவில், இறக்கையில், வாலில் என்று ஒன்றும் விடவில்லை. சரசுவதி பூசையில் வீட்டு அம்மி முதல் அரிவாள்வரை பொட்டு வைக்கிற கை அது. எட்டின இடமெல்லாம் வைத்தது. அண்ணை சிரித்தபடி, "காணும் அக்கா, பாரம் கூடினால் எழும்பாது" என்றார். பவளக்கா அவருடைய நெற்றியிலும் ஒன்று வைத்தார்.

விமானம் ஓடத் தொடங்கியது. மூக்கு நிமிர்ந்து நின்றதால் அவருக்கு நேர் முன்னால் ஒன்றும் தெரிந்திராது, பக்கவாட்டில் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். எல்லாரும் அந்த மூக்கைத்தான் பார்த்தார்கள். நான் சில்லைப் பார்த்தேன், என் வேலை அங்கேதானே இருந்தது. பீப்பாய்க்கு நல்ல தூரம் முன்னாலேயே சில்லுகளுக்குப் பின்னால் எழுந்த புழுதி நின்றது. சில்லு நிலத்தில் இல்லை. முருகா என்று வாய்விட்டே சொன்னேன். அடுத்த மூச்சில் எஞ்சின் சத்தம் அடங்கியது. விமானம் தொப்பென்று நிலத்தில் குந்தி, பீப்பாயைக் கடந்து ஓடி, வால் சுழன்று, வலது சில்லு உப்புச் சேற்றில் புதைந்து நின்றது. வலது கால் வளைந்து போயிருந்தது.

அவர் இறங்கி வந்தார். ஒரு காயமும் இல்லை. இறக்கைக்குக் கீழே விரல் தடிப்பில் முன்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குழாயைப் போய்ப் பார்த்தார். அந்தக் குழாயின் வாயால் காற்றுப் புகுந்தால்தான் உள்ளே வேகம் காட்டும் முள் அசையும். அதற்குத் துணி உறை ஒன்று உண்டு. ஓடுவதற்கு ஆயத்தமாக அவரே அதைக் கழற்றி வைத்திருந்தார். இப்போது குழாயின் வாய் நிறையச் சந்தனம். நான் அவருக்குப் பக்கத்தில் போனபோது ஓர் ஈர்க்குக் குச்சியால் அதைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"முள் அசையேல்லை," என்றார் மெல்ல. "புதுக் கால். எந்த வேகத்திலை என்ன செய்யும் எண்டு எனக்கே தெரியாது. முள்ளும் இல்லாமல் எழும்பினால், அது பறப்பில்லை, விசர். அதுதான் எஞ்சினை அடக்கினனான்."

"எழும்பிட்டியளே அண்ணை! நான் கண்டனான்!"

"ஓம். நானும் அறிஞ்சனான்." ஈர்க்கைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார். "அக்காவுக்கு ஒண்டும் தெரிய வேண்டாம். அவ எனக்காக நேந்து வைச்ச சந்தனம். அதாலைதான் நான் பறக்கேல்லை எண்டு தெரிஞ்சால், அவ பிறகு சாமி கும்பிடமாட்டா."

அதிகாரியைத் தனியே கூட்டிக்கொண்டு போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அதில் அவர் ஒளிக்கவில்லை. கூட்டத்திடம் திரும்பி வந்து, "கால் சரிவரேல்லை" என்று மட்டும் சொன்னார். வளைந்த கால் கண்ணுக்கு முன்னால் கிடந்தபோது யார் அதற்குமேல் கேட்கப் போகிறார்கள்?

அந்த ஒரு சொல்லை அவர் சாகும்வரை சுமந்தார். சந்தையில் சிரித்தார்கள், கலியாண வீட்டில் சிரித்தார்கள். எனக்கும் பங்கு கிடைத்தது. "உங்கடை ஒட்டு பெட்டியைத் தாங்குமோ, இல்லாட்டிப் பறந்திடுமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலை தந்தார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "உன்ரை ஒட்டு விடேல்லை. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இன்னும் எத்தினை பேருக்குத் தெரியவேணும்?" என்றார். எனக்கு ஊர் முழுக்கத் தெரிய வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனாலும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

புதிய காலை ஒட்டி முடித்தோம். மறுபடி சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கேட்டு அலைந்தோம். இந்தக் கந்தோர், அந்தக் கந்தோர், ஐயா இல்லை, நாளைக்கு வாங்கோ. அனுமதி திரும்பி வந்தபோது வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டது, வைத்தியரின் ஒப்பமும் காலாவதியாகிவிட்டது. விமானத்தைத் துணியால் மூடிவிட்டு, "ஓட்டுறவன் ஆரும் வருவான்" என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்த களைப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. மழைக்காலம் முடியுமுன் நித்திரையிலேயே போய்விட்டார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் காலை பவளக்கா தனியே என் கராஜுக்கு வந்தார். நான் கதிரை எடுத்துப் போட்டேன். இருக்கவில்லை.

"தம்பி, நினைவு மலருக்கு நீ எழுதுறியாம்."

"ஓம் அக்கா."

"கால் பிழை எண்டு எழுதிப்போடாதை. நான்தான் குழாயிலை சந்தனம் வைச்சனான்."

அவர் நிலத்தைப் பார்த்தபடி தொடர்ந்தார். "அவன்ரை சேட்டைத் தோய்க்கிறது ஆர்? நான்தானே. பொக்கற்றுக்குள்ளை ஈர்க்கு. நுனியிலை காய்ஞ்ச சந்தனம். அவன் ஏன் அந்தக் குழாயடியிலை நிண்டவன் எண்டு அப்பதான் விளங்கிச்சுது. அண்டைக்கே போய்க் கேட்டிருப்பன். அழுதிருப்பன். பிறகு அவனுக்குத் தன்ரை கவலையோடை என்ரை கவலையும் சேர்ந்திடும். அவன் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. சோத்தைப் போட்டுக் குடுத்தன், சாப்பிட்டான். இனி அவனுக்குக் கவலை இல்லை. நீ எழுது."

ஆகவே எழுதியிருக்கிறேன். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களே, அந்தக் கால்கள் பீப்பாய்க்கு முன்னமே எழும்பின. என் இரண்டு கண்ணாலும் கண்டேன். கால் தானாக இறங்கவில்லை, குகன் அண்ணைதான் இறக்கினார்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்த வளைந்த வலது காலைத்தான். கராஜ் சுவரில் தொங்குகிறது. குழாய் வளைந்திருக்கிறது. ஒட்டு அப்படியே இருக்கிறது. அன்று போகப் புறப்பட்ட பவளக்கா அதைக் கண்டு நின்றார். கைப்பையைத் திறந்து, வாழையிலைத் துண்டில் மடித்த சந்தனத்தை எடுத்தார். விரலில் தொட்டவர், கையைக் கிட்டக் கொண்டுபோய், வைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதிலை வைக்கலாம்தானே, தம்பி?"