மஞ்சள் கோட்டு வீடு

எங்கள் ஓவியக் கல்லூரியும் போலந்துக் கல்லூரி ஒன்றும் சேர்ந்து, கம்பெனிகள் நிறைந்த மூக்கண்டப்பள்ளியில் ஒரு பழைய ஷெட்டில் கண்காட்சி நடத்தினோம். போலந்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி நல்ல உயரம். டேப் சுருளை வளையல்போல எப்போதும் கையில் மாட்டியிருப்பாள். தன் வீட்டு அறைகளை மஞ்சள் டேப்பால் தரையில் அதே அளவில் வரைந்திருந்தாள். வருகிறவர்கள் அதற்குள் நடக்க வேண்டும். அதுதான் படைப்பு.

ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் யாரும் கோட்டைத் தாண்டவில்லை.

"ஏன் உள்ளே வரமாட்டேன் என்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். முகம் வாடியிருந்தது.

"கம்பெனியில் மஞ்சள் கோட்டைத் தாண்டினால் திட்டு விழும்" என்றேன்.

அப்போது பள்ளிக்கூடமே போகாத என் அம்மா, கம்பெனிச் சீருடையோடு வந்தாள்.

"இது என்னா பாப்பா?"

"இவங்க ஊடும்மா. உள்ள போலாம்."

"ஊடுன்னு சொல்ல வேணாமா? மெஷின் எறக்கக் கோடு போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்!"

ஷூவைக் கழற்றிவிட்டு, வாசலுக்கு விட்டிருந்த இடைவெளி வழியாக அம்மா நுழைந்தாள். பின்னாலேயே எல்லோரும் போனார்கள். வாசலில் சேஃப்டி ஷூக்கள் குவிந்தன.

அந்த மாணவி அவற்றையே பார்த்தாள். "இது என் படைப்பில் இல்லையே."

"அது எங்கள் பங்கு" என்றேன்.

சிரித்தபடி தன் ஷூவையும் கழற்றி, அம்மாவின் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவள் பெயர் இன்றும் என் வாயில் சரியாக நுழையாது. ஆனால் அவள் வீட்டில் அடுப்படி எந்தப் பக்கம் என்று என் அம்மாவுக்குத் தெரியும்.