கொப்பரையில் சேராத கூழ்

யுத்தம் முடிந்த சமயம் என் தம்பி ஒரு மனிதனைக் கொன்றான். துறைமுகத்தில், எல்லோரும் பார்த்திருக்க, மூட்டை தூக்கும் கொக்கியால். செத்தவர் ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர். சில வீடுகள் தள்ளி இருந்தார். தம்பிக்கு ஆயுள் தண்டனை ஆயிற்று. அவன் ஜெயிலுக்குப் போய்விட்டான். நாங்கள் அதே தெருவில் இருந்தோம். வேறு எங்கே போவது? பிழைப்பும் இங்கே, கும்பிடும் சாமியும் இங்கே.

முதல் ஆடிக்குக் கோயில் பக்கம் நாங்கள் தலைகாட்டவில்லை. அடுத்த வருஷம் என் மகளுக்கு அம்மை போட்டது. கண் திறக்காமல் வேப்பிலையில் கிடந்தாள். பிழைத்தால் கூழ் ஊற்றுகிறேன் என்று என் சம்சாரம் அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தாள்.

எங்கள் தெருவில் அவரவர் வீட்டில் காய்ச்சிய கூழைக் கோயில் வாசலில் ஒரே கொப்பரையில் ஊற்றிக் கலந்துதான் எல்லோருக்கும் வார்ப்பார்கள். தனியாக வார்த்தால் வேண்டுதல் சேராது.

அந்த ஆடிக்கு நாங்கள் பானையோடு போனோம். கொக்கியும் கொண்டாந்துகிறாங்களா பாரு என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. செத்தவரின் மனைவியும் பானையோடு நின்றிருந்தாள், நாங்கள் ஊற்றலாமா என்று கோயில் பெரியவர் அவளைத்தான் கேட்டார்.

"ஊத்தட்டும் நைனா. புள்ள பொழச்சிக்கீது, சாமி காரியம். நான் இன்னாத்துக்குக் குறுக்க நிக்கணும்?" என்றாள். பிறகு தன் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஆனா அதுங்க கூழோட என் கூழு கலக்காது. நான் வூட்டுக்குப் போறேன்."

என் சம்சாரம் பானையைச் சாய்க்கப் போனாள். நான் கையைப் பிடித்தேன்.

"பொண்ணுக்கு எதனா ஆச்சின்னா?" என்றாள்.

"நீ ஊத்து தங்கச்சி, நாங்க போறோம்" என்று செத்தவரின் மனைவியிடம் சொல்லிவிட்டு எங்கள் பானையைத் தூக்கிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து ஊற்றினாள்.

எங்கள் கூழ் வீட்டிலேயே கிடந்து புளித்து நுரைத்தது. சம்சாரம் கொட்டவும் விடவில்லை, குடிக்கவும் விடவில்லை. அதற்குப் பிறகு மகள் உடம்பு லேசாகச் சுட்டாலும் சம்சாரம் என்னிடம் பேசமாட்டாள்.

வேண்டுதலை முறித்தவன் நான் தாயே, கேட்பதானால் என்னைக் கேள் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்கிறேன். செத்தவரின் மனைவி பேரை எடுப்பதில்லை.