பருந்துகளுக்குப் போட்ட கோழி

வண்டியில் வரும்போதே செத்துப்போன கோழியை நான் ஒருநாளும் விற்றதில்லை. ஓசூரில் என் தொழிலில் இருக்கிற எல்லோரும் இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். நான் சொன்னால் அது உண்மை. உயிரோடு இருக்கும்போதே இறைவன் பெயர் சொல்லி அறுக்காத கோழி எங்களுக்கு ஹராம். அதை மசாலாவில் பிரட்டி அடுத்தவன் தட்டில் தள்ளிவிட எனக்குக் கை வராது. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற வழியில் இருக்கும் என் பிராய்லர் கடையில், ஞாயிற்றுக்கிழமை காலையில் திருநெல்வேலி, மதுரைப் பக்கமிருந்து இங்கே கம்பெனி வேலைக்கு வந்த ஆட்கள் வரிசையில் நிற்பது அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் செத்த கோழிகளை என்ன செய்தேன்? பருந்துக்குப் போட்டேன்.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்ததும், கடைக்குப் பின்னால் உள்ள தகரக் கூரைமேல் தோல், நுரையீரல், குடல் எல்லாம் வீசுவது வழக்கம். பருந்துக்குப் போடுவது சதக்கா, அந்தத் தர்மம் வீட்டுக்கு வருகிற கெடுதலைத் திருப்பி அனுப்பிவிடும் என்று நம்பிக்கை. பின்பக்கத்துத் தைலமரத்தின் உச்சியில் அவற்றின் கூடு. பள்ளிவாசலில் பாங்கு முடிந்தாலே, சைரன் கேட்ட ஷிப்ட் ஆட்கள் மாதிரி மரத்தை விட்டுக் கிளம்பிவிடும். செத்த கோழி இருந்தால் அதையும் நாலாக வெட்டி எறிவேன். மனிதனுக்கு ஆகாதது அவற்றுக்கு ஆகும் என்று யார் எனக்குச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன்.

பனி விடாத ஒரு மாதத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று டிவியில் சொன்னார்கள். செக்போஸ்ட்டில் கோழி வண்டிகளின் டயருக்கு மருந்தடித்தார்கள். எனக்கு லோடு வருவது இந்தப் பக்கத்துப் பண்ணையிலிருந்து. அதனால் காலை ஆட்டிக்கொண்டு டிவி பார்த்தேன். அந்த வாரம், வழக்கமாக ஒன்றிரண்டு மட்டும் செத்து வருகிற கூண்டுகளில் ஏழெட்டு செத்து வந்தன. கொண்டை நீலம் பாரித்திருந்தது, முகம் வீங்கியிருந்தது.

“பனிங்க பாய். கோழி தாங்கல” என்றார் டிரைவர். அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. என் மனைவி நம்பவில்லை.

“ஏங்க, இதுங்க மூஞ்சியே சரியில்ல. சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சிருங்க. பருந்துக்கு வேணாம்.”

“சதக்காவுல குறுக்க வராதே” என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். உயிரோடு இருந்தவற்றை அறுத்து விற்றேன். செத்தவற்றை வெட்டிக் கூரைமேல் எறிந்தேன். வாங்கிப் போனவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது என் புத்திசாலித்தனம் இல்லை.

நாலைந்து நாளில் ஒரு பருந்து சாக்கடை ஓரம் விழுந்து கிடந்தது. தலையைத் திருப்பித் திருப்பி முதுகைப் பார்த்தது. எழுந்து நிற்கப் பார்க்கும், சாய்ந்துவிடும். மறுநாள் தகரக் கூரைமேலேயே இரண்டு செத்துக் கிடந்தன. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று இங்கே எழுதினால் அதைவிடப் பெரிய பொய் இருக்காது.

தெரு கூடிவிட்டது. எதிரே டீக்கடை வைத்திருப்பவர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எங்களிடம் தமிழ். அவர்தான் ஆரம்பித்தார்.

“இதுங்கதான் அந்தப் பக்கம் இருந்து நோயைத் தூக்கினு வந்திருக்குது. வண்டிக்கு செக்போஸ்ட் போட்டாங்க. ரெக்கை இருக்கறதுக்கு யாரு போடுவாங்க? கூட்டைக் கலைச்சிரணும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

மறுநாள் காலையில் கால்நடை டாக்டரம்மா வந்தார். உடம்பு முழுக்க மூடிய உடை, முகத்தில் மாஸ்க், கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. செத்த பருந்துகளைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்:

“கூட்டை யாரும் தொடாதீங்க. வெரட்டினா அணைப்பக்கம் போகும், அங்க இருக்கிற கொக்கு, நாரைக்கெல்லாம் ஒட்டும். பறவைகிட்ட இருந்து கோழிக்கு மட்டும் நோய் வர்றதில்லீங்க. கோழிகிட்ட இருந்தும் அதுங்களுக்குப் போகும். இதுங்க என்னத்தைத் தின்னுச்சுன்னு யாராச்சும் பாத்தீங்களா?”

என் மனைவி கடை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் கடைக்கு சீல். செத்த கோழியை விற்காத பாய் என்ற பெயரும் அதோடு போய்விடும். அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. நான் தரையைப் பார்த்தேன். டாக்டரம்மா ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு, தன் போன் நம்பர் போட்ட துண்டுத்தாளை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போனார்.

அவருடைய ஜீப் திரும்பியதுமே, கம்பெனிகளுக்கு வயரிங் செய்கிற ஒருவர் தன் ஏணி வண்டியைக் கொண்டுவந்துவிட்டார். இரும்புக் கம்பியால் நாலு இழுப்பு. கூடு குச்சி குச்சியாகக் கொட்டியது. அதோடு இரண்டு குஞ்சுகளும் விழுந்தன. இறகு பாதி முளைத்தவை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, பசியில் வாயைப் பிளந்து எங்களைப் பார்த்துக் கத்தின. பெரிய பருந்துகள் மூன்று மரத்தைச் சுற்றிவிட்டு அணைப்பக்கம் போயின. கடைக்குப் பின்னாலேயே குழி தோண்டினார்கள்.

“பாய், உங்க கடையில சுண்ணாம்பு இருக்குமே?” என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

இருந்தது. மூட்டை பிரிக்காமல் இருந்தது. நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். குஞ்சுகள் உயிரோடு இருக்கும்போதே அதைக் கொட்டினார்கள். மண் மூடும்வரை சத்தம் கேட்டது. என்னை நான் அவ்வளவு வெறுத்தது கிடையாது.

“இப்பவாச்சும் சொல்லுங்க” என்றாள் மனைவி. உள்ளறையில் போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கூடு கலைந்ததையும் சொன்னேன்.

“காலைல நான் கேட்டப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, ஒரு ஆளை மரத்தடியில நிறுத்திட்டுப் போயிருப்பேனே, பாய்” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் ஆட்கள் வந்து என் கோழிகளை எல்லாம் கொன்று புதைத்தார்கள். கடைக்கு சீல் வைத்தார்கள். எனக்கும் மனைவிக்கும் தொண்டையில் சாம்பிள் எடுத்துப் பார்த்தார்கள், நோய் இல்லை. கோழிகளுக்கும் பருந்துகளுக்கும் இருந்தது. அடுத்த வாரம் அணைத் தண்ணீர் ஓரம் கொக்குகள் செத்துக் கிடந்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

சீலை எடுத்து, கடையை மறுபடி திறந்து இப்போது பல மாதமாகிறது. தெருவுக்கு மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. பருந்துகள் என் கோழிகளுக்கு நோயைக் கொடுத்துவிட்டன என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள், எனக்காக வருத்தப்படுகிறார்கள். போன வாரம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பருந்து வந்து அந்தத் தைலமரத்தில் உட்கார்ந்தது. வாயில் ஒரு குச்சி வைத்திருந்தது.

“பாவம் பாய் நீங்க. இந்த சனியனுங்களால எவ்ளோ நஷ்டம் உங்களுக்கு” என்று சொல்லிக்கொண்டே டீக்கடைக்காரர் குனிந்து கல்லை எடுத்தார்.

நான் டீயைக் குடித்து முடித்தேன்.