தராசு அக்கா பிடுங்கிய வயர்

பன்னிரண்டு வருடமாக ஒரே கடையில் லேப்டாப் பழுது பார்க்கிறேன். எங்கள் கடையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காட்சிக்கு வைத்திருக்கும் கேமிங் லேப்டாப்பில் கேம் ஓடும்போது சார்ஜர் வயரை யாரும் கழற்றக் கூடாது. அன்று பட்டப்பகலில், கடை நிறைய ஆள் இருக்கும்போது, தராசு அக்கா அதைப் பிடுங்கினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அக்கா விற்பனைப் பிரிவில் இருப்பவள். வந்தவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் மூட மாட்டாள். ஒரு வருடத்துக்கு முன் திடீரென்று வீட்டுச் சமையலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். அன்றிலிருந்து எடை போட்டுக் காட்டாமல் ஒரு லேப்டாப்பும் விற்றதில்லை. "வெங்காயம் கிலோ என்ன விலைக்கா?" என்று நான் தினமும் வம்புக்கு இழுப்பேன். "போடா, போய் வேலையைப் பாரு" என்பாள். சிரிக்க மாட்டாள்.

அன்று ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். பெண் கட்டடக்கலை படிக்கிறாள். வாரத்துக்கு ஓர் ஊருக்குக் கட்டடம் பார்க்க அனுப்பும் கல்லூரியாம். போகிற இடத்தில் லேப்டாப்பில் வரைந்து, கட்டடத்தை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். ரயிலில் கேமும் ஆட வேண்டும். சிவப்பு விளக்கு மின்னும் பெரிய லேப்டாப்பை வரும்போதே மனதில் முடித்துக்கொண்டு வந்திருந்தாள். இருப்பதிலேயே விலை கூடியது அதுதான். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அக்கா அதைத் தராசில் வைத்தாள். இரண்டு கிலோ நானூறு. கூடவே சார்ஜரையும் வைத்தாள். மூன்று கிலோ முந்நூறு.

"ஐயையோ! சார்ஜர் மட்டுமே ஒரு கிலோ கிட்ட வருதா?" அந்த அம்மா வாயில் கை வைத்தார். "பெட்டி மேல இந்த எடையைப் போடவே இல்லையே!"

"போட மாட்டாங்கம்மா. செங்கல் மாதிரி இருக்கு பாருங்க."

பெண் அசரவில்லை. "சார்ஜரை எதுக்கு ஆன்ட்டி தூக்கணும்? வீட்லயே வச்சுட்டுப் போயிடுவேன். பேட்டரி அஞ்சு மணி நேரம் நிக்கும்னு போட்டிருக்கே."

அக்காவின் முகம் செத்துப்போனது. லேப்டாப்பை எடுத்துச் சார்ஜரைச் செருகி, ஒரு கார் பந்தயத்தை ஓடவிட்டாள். கார் பறந்தது. பெண் கண் கொட்டாமல் பார்த்தாள். அப்போதுதான் அக்கா வயரைப் பிடுங்கினாள். கார் நொண்ட ஆரம்பித்தது. படம் விட்டுவிட்டு வந்தது.

"அய்யோ, கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போகல. வயர் இருந்தாதான் இதுக்கு முழு பலம். அந்த அஞ்சு மணி நேரம்லாம் சும்மா எழுத, படிக்க. உன் கட்டடத்தைத் திருப்பிக் காட்டுன்னு சொன்னா இப்படித்தான் மானத்தை வாங்கும்."

பக்கத்தில் வேறொரு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "இதையும் கொஞ்சம் பிடுங்கிக் காட்டுங்க" என்றார். முதலாளி பாய்ந்து வந்தார். "ஏம்மா, நாளைக்கு வேலைக்கு வர்ற எண்ணம் இருக்கா இல்லையா?"

"இருக்கு சார். இந்தப் பொண்ணுக்கு வித்துட்டு வர்றேன்."

முதலாளியிடம் அப்படிப் பேசி யாரும் பார்த்ததில்லை. அக்கா சின்னதாக வேறொரு லேப்டாப்பை எடுத்துத் தராசில் வைத்தாள். சார்ஜரோடு சேர்த்து இரண்டே கிலோ. "இதுவும் வயர் இல்லாம தளரும். ஆனா இவ்ளோ சின்ன சார்ஜரை நீ வீட்ல விட்டுட்டுப் போக மாட்ட." பெண் இரண்டையும் பையில் போட்டுத் தோளில் மாட்டி, வாசல்வரை நடந்து திரும்பினாள். "இதையே குடுங்க ஆன்ட்டி." முதலாளி உள்ளே போனார்.

கூட்டம் குறைந்ததும் அக்காவிடம் போனேன். "என்னக்கா, பைத்தியமா உனக்கு?"

"போன வருஷம் என் தங்கச்சி பொண்ணுக்கு அந்தப் பெரிய மாடலைத்தான்டா குடுத்தேன். அவளும் இதே படிப்புதான். வெளியூர்ல கடைசிப் பரீட்சை. மார்க் போடறவர் முன்னாடி படம் அசையவே இல்ல. ஃபெயில். ஒரு வருஷம் போச்சு. தங்கச்சி இன்னும் என்கூடப் பேசறதில்ல."

"சார்ஜர் எடுத்துட்டுப் போகலையா?"

அக்கா தராசைத் துடைக்க ஆரம்பித்தாள். "பை கனமா இருக்குன்னு முந்தின நாள் இங்க வந்தா. நான் சாப்பிடப் போயிருந்தேன். பேட்டரியே போதும்னு யாரோ சொன்னாங்களாம்."

எனக்கு ஞாபகம் வந்தது. கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண். என் மேசைக்கு எதிரே பையோடு நின்றாள். நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சார்ஜர் எதுக்கும்மா? அஞ்சு மணி நேரம் நிக்கும், தைரியமா போ" என்றேன். வயர் இல்லாமல் வரைபடம் நொண்டும் என்பது எனக்குத் தெரியாததா? எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"அக்கா... அது நான்தான்க்கா."

"தெரியும்டா."

ஒரு வருடமாகத் தெரியும். ஒரு வருடமாக என்னோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாள். "அப்புறம் ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"வித்தது நான்தானே. வயரைப் பிடுங்கிக் காட்டாமதானே வித்தேன்."

தராசை மேசையில் வைத்துவிட்டு, அடுத்து வந்தவரிடம் போனாள். அந்தத் தராசைப் பார்த்துத்தான் நான் தினமும் வெங்காயம் விலை கேட்டிருந்தேன்.